அமுக்கினால் கத்துகிறது

மார்ச் 3

அக்கா,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பது பதினோராவது தடவை கூப்பிட்டபோதுதான் புரிந்தது. தபாலைத் தடுக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்துப் பிரித்திருந்தால் இங்கேயே மடித்து வைத்துவிடு. கேட்கப் போவதில்லை. நான் என்ன செய்தேன்? ஏணி போட்டு ஏறி, பாப்பா படுக்கிற அறையின் கூரையில் இருந்த புகை அலாரத்தைக் கழற்றி முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அதில் அச்சடித்திருந்த வருடத்திலிருந்து எண்ணினால் பதினான்கு வருடம் ஆகிறது. பாப்பாவுக்கு ஒன்பது வயது. அவள் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்னால் செய்த பொருளை நம்பி அவளைத் தூங்க வைக்கிறீர்கள். இதைச் சொன்னதற்கு, மூன்று நாள் தங்க வந்தவளை மூன்று மணி நேரத்தில் பையோடு வாசலில் நிறுத்திவிட்டாய்.

அத்தான் என்ன செய்தார் என்று உனக்கே தெரியும். துடைப்பக் கட்டையை எடுத்து ஹால் அலாரத்தின் பட்டனை ஓர் அமுக்கு அமுக்கினார். காது கிழிய அது கத்தியது. "பாத்தியா? தெருவே முழிச்சிக்கும். இதுக்கு என்ன கேடு?" என்றார். அன்றைக்கு வந்திருந்த, அவரோடு வேலை செய்கிற இரண்டு பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அக்கா, உங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி அலாரத்தில் அந்தப் பட்டன் சொல்வது ரொம்பக் கொஞ்சம். பேட்டரியில் உயிர் இருக்கிறது, ஊதுகிற பாகம் ஊதுகிறது, அவ்வளவுதான். புகையை மோந்து பார்க்கிற பாகம் வேறு. அது வருடக்கணக்கில் தூசியிலும் சமையல் ஆவியிலும் கிடந்து மந்தமாகிவிடும். பூச்சி போய் அடைந்துகொள்ளும். பத்து வருடத்தில் மாற்றவும் என்று அந்த டப்பாவின் முதுகிலேயே எழுதியிருக்கிறது. அதை மாட்டினவரும் படிக்கவில்லை, அதன் கீழே குடியிருக்கிறவளும் படிக்கவில்லை.

வீட்டில் இருக்கிற நாலு அலாரத்தையும் மாற்று. இந்த வாரமே மாற்று.

தங்கை

மார்ச் 9

சுண்டு,

கடிதம் வந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு எழுதினது போல இருந்தது.

நீ என்ன செய்தாய் என்று கேட்டாயே, சொல்கிறேன். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வந்தாய். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாயா? சித்தி வருகிறாள் என்று காலையிலிருந்து ஜன்னலிலேயே தொங்கிக்கொண்டிருந்தாள் பாப்பா. ஓடி வந்தவளைத் தாண்டிப் போய், "ஏணி எங்க இருக்கு?" என்று கேட்டாய். செருப்புக் காலோடு அவள் படுக்கையை மிதித்துக்கொண்டு ஏணியில் ஏறினாய். ஒவ்வோர் அறையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு போனாய், வீட்டை விலைக்கு வாங்க வந்தவள் போல.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். "வேலை தெரிஞ்சவன் இப்படி விட்டிருக்க மாட்டான்" என்று அவர் கூட்டாளிகள் முன்னால் சொன்னாய் பார், அதற்குத்தான் உன் பையைத் தூக்கி வாசலில் வைத்தேன். இன்னொரு தடவை சொன்னாலும் வைப்பேன். இருபது வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவர். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தது அவர். விளக்கு எரியவில்லை என்றால் சாப்பாட்டில் கை வைத்தவர் எழுந்து போவார். அவரைப் போய் வேலை தெரியாதவர் என்கிறாய். அன்றிலிருந்து மனுஷர் சரியாகப் பேசுவதில்லை. சாப்பிடும்போது அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார், பிறகு தட்டைப் பார்க்கிறார்.

பத்து வருடம், பத்து வருடம் என்கிறாய். விற்கிறவன் அப்படித்தான் எழுதுவான். என் பிரிட்ஜ் பதினெட்டு வருடமாக ஓடுகிறது. கல்யாணத்துக்கு வாங்கின மிக்ஸி இன்னும் அரைக்கிறது. நன்றாக இருக்கிற சாமானைத் தேதி பார்த்துத் தூக்கிப் போடச் சொன்னால் முதலில் என்னைத்தான் தூக்கிப் போட வேண்டும், நாற்பத்தாறு ஆகிறது.

நீ ஓட்டலில் பராமரிப்பு மேற்பார்வையாளர், சரி. என் வீடு உன் ஓட்டல் இல்லை. ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே டிக் அடிக்காதே.

நீ கழற்றினதை அவரே திரும்ப மாட்டிவிட்டார். அமுக்கிப் பார்த்தோம். கத்துகிறது.

அக்கா

மார்ச் 14

அக்கா,

டிக் அடிக்காதே என்று எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு எதுவும் எழுத வரவில்லை. அதை விடு.

உன் பிரிட்ஜ் தினமும் ஓடுகிறது. கெட்டுப்போனால் மறுநாள் காலையில் பால் திரிந்து உனக்குச் சொல்லிவிடும். மிக்ஸி நின்றால் சட்னி சொல்லும். இந்த அலாரத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. பதினான்கு வருடம் சும்மா தொங்கிவிட்டு, ஒரே ஒரு நாள் சில நிமிஷம் வேலை செய்ய வேண்டும். அன்றைக்குச் செய்யாவிட்டால் அது கெட்டுப்போயிருந்தது உனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்து வருடம் முடிந்த மறுநாளே எல்லாம் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வருடம் நன்றாக இருப்பதும் உண்டு. எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. அதனால்தான் தேதி.

இத்துடன் பார்சலில் நாலு புது அலாரம் அனுப்பியிருக்கிறேன். எதை எங்கே மாட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறேன். அத்தான் மாட்ட மாட்டேன் என்றால் வேறு யாரையாவது கூப்பிட்டு மாட்டு. அவர் மானம் பெரிதா, பாப்பாவின் மூச்சு பெரிதா என்று நீங்களே உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

தங்கை

மார்ச் 22

சுண்டு,

உன் கடைசி வரியை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன், ஏனென்றால் எனக்கும் கோபம்.

பார்சலைப் பிரிக்கக்கூட விடவில்லை. "திருப்பி அனுப்பு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டறேன், அதையும் சேத்து எழுதி அனுப்பு" என்றார். சனிக்கிழமை மத்தியானம் பாப்பாவை எதிர்வீட்டில் விட்டோம். ஒரு தகர வாளியில் பழைய தலையணைப் பஞ்சைப் போட்டுப் பற்ற வைத்து, தண்ணீர் தெளித்து அணைத்தார். தீ இல்லை, புகை மட்டும் குபுகுபு என்று வந்தது. பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். ஜன்னலெல்லாம் சாத்தினோம். நான் கையில் கடிகாரத்தோடு நின்றேன்.

சமையலறை வழியில் இருப்பது வாளியைக் கொண்டுபோனதுமே கத்தியது. அது நான் மிளகாய் வறுத்தாலே கத்தும். ஹாலில் இருப்பது ஒரு நிமிஷத்தில் கத்தியது. எங்கள் அறையில் நாலு நிமிஷம் ஆயிற்று, ஆனால் கத்தியது. அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதிக்கோ, மூணும் பாஸ்" என்றார். நீயும் எழுதிக்கொள், மூன்று கத்தின.

பிறகு பாப்பா அறை. கட்டில் காலடியில் வாளியை வைத்தார். ஐந்து நிமிஷம். எனக்குக் கண் எரிந்தது. "இருங்க, இன்னும் கொஞ்சம்" என்று நானே சொன்னேன். எட்டு நிமிஷம். அவள் சுவரில் ஒட்டியிருக்கிற படங்கள் தெரியவில்லை. பத்து நிமிஷம். அவர் என்னை முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருமிக்கொண்டே துடைப்பக் கட்டையை எடுத்துப் பட்டனை அமுக்கினார். கத்தியது. கையை எடுத்தார். நின்றுவிட்டது. அவ்வளவு புகை அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, அது பாட்டுக்குப் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு கிடக்கிறது. மறுபடி அமுக்கினார். மறுபடி கத்தியது.

வாளியில் தண்ணீரை ஊற்றி ஜன்னலைத் திறந்தோம். அதைக் கழற்றி உடைத்துப் பார்த்தார். உள்ளே சிலந்தி கூடு கட்டி, அதன் மேல் தூசி படிந்து கம்பளி மாதிரி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "பட்டன் சரியாத்தானே இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் சொன்னார். பிறகு எழுந்து போய் உன் பார்சலைப் பிரித்தார். இருட்டுவதற்குள் நாலையும் மாட்டிவிட்டார்.

நீ சொன்னது சரி. நீ சொன்ன விதம் சரியில்லை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க நினைக்காதே, எனக்கு இரண்டும் தனித்தனி.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ஏணியில் நின்று அந்த வருடத்தைப் படித்தபோது உன் கை நடுங்கியது. நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஏணியே ஆடியது. நீ தேதி பார்த்துக் கை நடுங்குகிறவள் இல்லை. என்ன நடந்தது? மழுப்பாமல் எழுது.

அக்கா

மார்ச் 27

அக்கா,

பிப்ரவரி 12, மத்தியானம் மூன்று மணி. எங்கள் ஓட்டல் சலவையறையில் தீப்பிடித்தது.

பெரிய தீ இல்லை. சமையலறைத் துணிகளைத் துவைத்தாலும் எண்ணெய் முழுக்கப் போவதில்லை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்துச் சூடு ஆறாமல் மடித்து அடுக்கினால், அடுக்குக்குள்ளேயே சூடு ஏறி, மணிக்கணக்கில் கருகி, பிறகு புகையும். அப்படித்தான் புகைந்தது. சலவையறையில் வேலை பார்க்கிற அம்மா உள் அறையில் விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். வெளி அறைக் கூரையில் அலாரம் இருந்தது. சின்ன ஓட்டல்தானே, வீடுகளில் மாட்டுகிற அதே மாதிரி தனித்தனி அலாரம். அது கத்தவில்லை. அவர் புகையைப் பார்த்தபோது வெளியே போகிற வழியே தெரியவில்லை. அடுக்கைக் கையால் பிரித்து அணைக்கப் பார்த்திருக்கிறார். தட்டு எடுத்துக்கொண்டு போன ஒருவர் வாசனை பிடித்துக் கதவைத் திறந்ததால் உயிர் இருக்கிறது. இரண்டு கையும் வெந்துவிட்டது. நுரையீரல் கெட்டுவிட்டது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்.

அந்த அலாரத்தைச் சோதித்து ஜனவரியில் கையெழுத்துப் போட்டது நான். ஒரே காலையில் நாற்பத்திரண்டு அலாரம். துடைப்பக் கட்டையால் அமுக்குவேன், கத்தும், 'நன்றாக இயங்குகிறது' என்று எழுதுவேன், அடுத்த அறைக்குப் போவேன். ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். தீக்குப் பிறகு அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். பதினாறு வருடம் பழையது. உள்ளே பஞ்சுத் தூசி.

அத்தான் அன்றைக்குத் துடைப்பக் கட்டையை எடுத்தபோது எனக்கு அவரைக் கொல்லலாம் போல இருந்தது. அது அவரைப் பார்த்து வந்த கோபம் இல்லை.

இன்னும் இருக்கிறது. அந்த அம்மா அயர்ன் பாக்ஸை அணைக்காமல் விட்டதால் தீப்பிடித்தது என்று ஓட்டல் எழுதிக் கொடுத்திருக்கிறது. நான் கீழே ஓடியபோது பார்த்தேன், அயர்ன் பாக்ஸின் வயர் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க எதுவும் பேச வேண்டாம். உங்க ரிஜிஸ்டர் சரியா இருக்கு. கேட்டா அதைக் காட்டுங்க, போதும்" என்றார். ஏப்ரல் 8 விசாரணை. நான் இதுவரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

தங்கை

ஏப்ரல் 2

சுண்டு,

மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கை பரபரத்தது, நீ பக்கத்தில் இருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன்.

அந்த அலாரத்துக்குப் பதினாறு வயது என்று எழுதத் தெரிந்தது உனக்கு. அந்த அம்மாவுக்கு என்ன வயது? வீட்டில் யார் இருக்கிறார்கள்? கை இரண்டும் வெந்தவருக்குச் சோறு ஊட்டுவது யார்? ஒரு வரி இல்லை. ஏழு வாரமாக நீ போய்ப் பார்க்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. செய்யாத தப்பை ஒரு மனுஷி தலையில் கட்டுகிறார்கள், நீ ரிஜிஸ்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உட்கார முடியாமல் என் வீட்டுக்கு வந்து என் புருஷன் மேல் பாய்ந்தாய். என் வீட்டு ஏணியில் நீ ஏறினது உன்னிடமிருந்து தப்பிக்கவா?

உன் அத்தான் என்ன செய்கிறார் தெரியுமா? அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் பழைய டைரிகளைத் தேடி எடுத்தார். புகை அலாரம் மாட்டின வீடுகள் இருபத்தாறு. தினமும் வேலை முடிந்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மணியடித்து, "நான் மாட்டினதுதான், பழசாயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்கிறார். முனை வீட்டு ரிட்டயர்டு குமாஸ்தா வாசலிலேயே நிற்க வைத்து, "நீதானே மாட்டினே? பத்து வருஷம்தான்னு அன்னைக்கே சொல்ல வாய் இல்லையா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் கூடப் போயிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. இவர் ஏணியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா சார், சொல்லலை. எனக்கே தெரியலை. இப்பத் தெரிஞ்சுது, சொல்றேன்" என்றார். அந்த மனுஷர் கதவைச் சாத்திவிட்டார். மறுநாளும் இவர் போனார். இன்றைக்குத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

வேலை தெரியாதவர் என்று நீ சொன்ன ஆள் இவர்தான்.

8ஆம் தேதி நீ வாயைத் திறக்கவில்லை என்றால் இனி எனக்கு எழுதாதே. வேலை போகும் என்று பயம் இருக்கும். போகட்டும். எங்கள் வீட்டில் நாலு பேர் சாப்பிட முடியும்.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நீள மேசை, ஐந்து பேர். மேனேஜர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். ரிஜிஸ்டரைக் கேட்டார்கள், கொடுத்தேன். "அலாரம் வேலை செஞ்சுதுன்னு உங்க கையெழுத்து இருக்கே" என்றார் விசாரணை அதிகாரி. "கையெழுத்து என்னதுதான். நான் பட்டனைத்தான் அமுக்கினேன், வேற எதையும் பாக்கலை. பின்னாடி திருப்பிக்கூடப் பாக்கலை" என்றேன். கழற்றி வைத்திருந்த அலாரத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அயர்ன் பாக்ஸ் வயர் ஆணியில் சுருட்டியிருந்ததையும் சொன்னேன். "இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?" என்று கேட்டார். பயம் என்று சொன்னேன். மேனேஜர் கடைசி வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மாலையில் கடிதம் கொடுத்தார்கள். என் பேரிலும் குற்றம் எழுதுவார்கள். எழுதட்டும், அது சரிதான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ கேட்டதற்குப் பதில்: ஐம்பத்து மூன்று வயது. புருஷன் இல்லை. ஒரே மகள், பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். ஷிப்ட் மாற்றி மாற்றி வந்து அவள்தான் ஊட்டுகிறாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கட்டுக்கட்டித் தலையணைமேல் வைத்திருந்தார்கள். குரல் காற்று மாதிரிதான் வருகிறது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "அயர்ன் பாக்ஸை நான் பிடுங்கினேனா?" என்று கேட்டார். பிடுங்கி ஆணியில் மாட்டியிருந்தீர்கள், நான் பார்த்தேன் என்றேன். அவர் சொன்னார்: "எட்டு வாரம். பிடுங்கினேனா, பிடுங்கலையான்னு யோசிச்சு யோசிச்சு, நான்தான் விட்டுட்டேன்னு எனக்கே தோணிப்போச்சு. எம் பொண்ணுகிட்டயே நான்தான் கொளுத்திட்டேன்னு சொல்லிட்டேன். நீ பாத்திருக்கே. பாத்துட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னிருக்கே."

மகள் எழுந்து நின்றுவிட்டாள். அவளைக் கண்ணாலேயே உட்காரச் சொல்லிவிட்டு, "இப்பப் போ. உன் மூஞ்சியைப் பாக்க முடியலை. ஆனா திரும்ப வா. நீ சொன்னதை எம் பொண்ணோட மாமியார் வீட்டாளுங்க முன்னாடியும் சொல்லணும். அவங்களும் நான்தான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்றார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் வருகிறார்களாம். நான் வந்து சொல்ல வேண்டும்.

அத்தானிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரை நேரில் பார்த்துத்தான் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்கிற மன்னிப்பு இல்லை அது.

தங்கை

ஏப்ரல் 15

சுண்டு,

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பாப்பாவை அவர் பார்த்துக்கொள்வார். ஸ்டேஷனுக்கு வராதே, எனக்கு வழி தெரியும்.

சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ அவரைச் சொன்ன சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை நீயும் அவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான் நடுவில் வர மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும், திட்டத்தான் வேண்டும். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாது. அவர்கள் திட்டி முடிக்கிற வரைக்கும் உன் பக்கத்தில் ஒருத்தி நிற்க வேண்டும், அதற்குத்தான் வருகிறேன்.

அக்கா